தண்ணிக்கு நாலு கிலோ

கடலிலிருந்து ஏறிவரும் மேகம்
பாரத்தைக் கீழேயே இறக்கிவிடுகிறது.
எங்கள் மலைக்கு வந்து சேர்வது
கொஞ்சம் இளைத்த மழை.

நான் சொல்லவில்லை, போத்தல்கள் சொல்கின்றன.
கினிகத்தேனையில் சஹ்மியா வீட்டுக் கூரையில் ஒன்று,
வட்டவளையில் பிரதீபன் வைத்தது,
நானுஓயா ஸ்டேசனுக்குப் பின்னால் ஒன்று,
தலவாக்கலையில் என்னுடையது, கோழிக்கூண்டின் மேல்.
பிடித்த மழை ஆவியாகிப் போகாதிருக்க
மேலே ஒரு மெல்லிய படலம் பரபின் எண்ணெய்.
பேராதனைக்குக் கொண்டுபோன பஸ்ஸில்
ஒருமுறை மூடி கழன்று
ஆனி மாத மழை முழுதும்
முன்சீட்டு அம்மாவின் மடியில்.

ஒட்சிசன் என்றால் எட்டு.
கருவுக்குள் எட்டுப் புரோத்தன்: அதுதான் பெயர்.
ஒன்று கூடினால் புளோரின், ஆளே வேறு.
வெளியே எட்டு இலத்திரன்,
ஐதரசனோடு கைகோப்பதெல்லாம் அவை.
நியூத்திரனுக்கு ஏற்றமில்லை, பேச்சில்லை,
எடை மட்டும் உண்டு.
பெரும்பாலும் எட்டு இருக்கும்.
ஐந்நூறில் ஒன்றுக்குப் பத்து.

எங்கள் காம்பிராவும் எட்டுத்தான்.
மண் சரிந்த வருசம்
மாமாவும் அத்தையும் வந்து தங்கினார்கள்.
உள்ளே இரண்டுபேர் கூட,
கதவில் எண் மாறவில்லை.
கடிதம் வழமைபோல
கணக்கப்பிள்ளை மேசையில் கிடந்தது.
பலகைக் கட்டில் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது.

அதைத்தான் சமதானி என்கிறது புத்தகம்.

இன்னொன்றும் சொல்கிறது, அதை நம்பத்தான் நாளானது.
ஒரு மைல் அகலச் சரிவு அணுவென்றால்
கரு அதன் நடுவே ஒரு தேயிலை விதை.
மலையின் எடையெல்லாம் அந்த விதைக்குள்.
மீதி?
மீதி வெறும் இடம். பனிமூட்டம்கூட இல்லை.

பத்து நியூத்திரன் சுமந்த ஒட்சிசன்
தண்ணீரில் சேர்ந்தால் அந்தத் துளி முந்தி விழும்.
கினிகத்தேனையில் கொஞ்சம், வட்டவளையில் கொஞ்சம்.
ஏற ஏற மேகத்தில் அந்தப் பாரம் குறையும்.

முடிவுகள் கடதாசியில் வந்தன,
எல்லாம் கழித்தல் குறியோடு.
கடல்நீரோடு பார்த்தால் எவ்வளவு குறைவு என்று:
சஹ்மியாவுக்குக் கழித்தல் நாலு, எனக்குக் கழித்தல் ஏழு.
பெயில் போலிருக்கே என்றான் பிரதீபன்.

அன்றைக்கு அக்கா நனைந்து வந்தாள்,
படங்கிலிருந்து சொட்டச் சொட்ட.
மடுவத்தில் தராசு இருபத்தாறு காட்டியதாம்,
துண்டில் இருபத்திரண்டு.
"தண்ணிக்கு நாலு கிலோ" என்றானாம் நிறுத்தவன்,
கொழுந்தைப் பார்க்காமலே.

கடதாசியை எடுத்துக் காட்டினேன்.
கன நேரம் பார்த்தாள்.
"அப்ப நம்ம மழை லேசுதானே,
நாலு எதுக்கு வெட்டுறான்?"

கணக்குப் போட்டேன்.
நாலு கிலோ தண்ணீரில்
கினிகத்தேனைக்கும் எங்களுக்கும் வித்தியாசம்
மூன்று மில்லிகிராம்.
ஒரு கடுகு.

"கடுகுன்னாலும் எழுதிக் குடு" என்றாள்
தலையைத் துவட்டிக்கொண்டே.
சிரிக்கிறாளா என்று தெரியவில்லை,
துவாய் முகத்தில் இருந்தது.

வெளியே மறுபடி பிடித்துக்கொண்டது.
எண்ணெய் ஊற்றி, போத்தலைக்
கூண்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.