உண்டு, இல்லை

காலை ஐந்து நாற்பது.
துறைமுக அலுவலகத்தின் ஹீட்டரை உதைத்து எழுப்பிவிட்டு
ஜன்னலைத் திறக்கிறேன். பார்க்க ஒன்றுமில்லை, ஃபாரோவின் ஜனவரி இருட்டு.
அலைதாங்கிச் சுவரில் கடல் மோதுவதைக் கேட்கிறேன்.
கேப்டன் ஹானுஸ் போனில் ஒருமுறை இருமினால் இல்லை என்று பொருள்.
இருமாவிட்டால் உண்டு.
கிரோவோய்த் தீவுக்குப் படகு உண்டு.
கிரோவோய்த் தீவுக்குப் படகு இல்லை.
என் வேலை இந்த ஒற்றைச் சொல்லை மாற்றுவது.

அதைத் தாங்கி நிற்கிற சாரத்தைப் பாருங்கள்:
பதினான்கு பிளகின்கள்,
ஒன்பது எதற்கென்று எனக்குத் தெரியாது.
எடுத்துப் பார்க்கவும் பயம், எந்தக் கல் எந்தச் சுவரைத் தாங்குகிறதோ.
ஜூலையில் வரும் ஜெர்மானியருக்காக
இடமிருந்து வலம் நகரும் பஃபின் பறவைகள்
ஆளில்லாத டிசம்பரிலும் நகர்கின்றன.
'எங்களைப் பற்றி' என்றொரு பக்கம்.
மூன்று வருடமாய் வரைவாகவே கிடக்கிறது;
எங்களைப் பற்றி என்ன எழுதுவது?

போன அக்டோபரில் ஒரு வெள்ளி இரவு
'புதுப்பி' என்று மஞ்சளாய்க் கெஞ்சியது, புதுப்பித்தேன்.
எல்லாம் வெள்ளை.
விடிய விடியப் பழைய நகலைத் தேடி மீட்டபோது
எங்கள் மொழியின் கோடு போட்ட எழுத்தெல்லாம்
கேள்விக்குறியாய் நின்றன.
தீவின் பெயரிலேயே நட்ட நடுவில் ஒன்று.
கிரோவோய்க்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.
மால்பிரித் ஆட்டுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.
'எந்தத் தளம்?' என்றாள்.
அங்கே குளிர்காலத்தில் பதினோரு பேர்.
பதினோரு பேரும் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பின்னே யாருக்காக நான் விழித்தேன்?
அன்றுதான் முதல்முறையாக வருகைப் பதிவைத் திறந்தேன்.
குளிர்கால நாள்களில் வருகை: ஒன்று. ஒன்று. ஒன்று.
நேரம் ஐந்து நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.
ஊர்: எஸ்பியர், டென்மார்க்.

பைனிர்.
இந்தத் தளத்தைக் கட்டியவன் அவன்.
காற்றாலைக் கம்பெனிக்குப் போய் நாலு வருடம்.
எனக்கும் அவனுக்கும் ஒன்றுமில்லை,
ஒரு கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டோம், அவ்வளவே.
அதிலும் அவன் நாயின் பெயர்தான் இருந்தது.

நகராட்சிக் கடிதம் நேற்று வந்தது:
பயன்படாத கணக்குகளை நீக்குக.
பட்டியலில் அவன் பெயர், பக்கத்தில் 'நிர்வாகி'.
நீக்கு என்றேன்.
பெட்டி ஒன்று எழும்பி மரியாதையாகக் கேட்டது:
இவர் எழுதியவற்றை என்ன செய்யலாம்?
எல்லாவற்றையும் அழிக்கவா,
வேறொருவர் பெயருக்கு மாற்றவா?

அவன் எழுதியவை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
உண்டு. உண்டு. இல்லை. உண்டு.
'இல்லை, ஆனால் மதியம் அடங்கலாம்.'
'உண்டு. வாந்திப் பை கொண்டு வரவும்.'
ஒரே ஒரு நாள், மார்ச் ஒன்பது,
'தெரியவில்லை' என்று போட்டிருக்கிறான்.
ஏழு நிமிடத்தில் திருத்தி 'இல்லை' ஆக்கியிருக்கிறான்.
பழைய பதிப்பு அப்படியே இருக்கிறது.
இந்த இயந்திரம் எதையும் மறப்பதில்லை,
அடியில் தள்ளி வைக்கிறது.

என் பெயருக்கு மாற்றினால்
நான் பார்க்காத கடலுக்கெல்லாம் நான் சாட்சி.
அழித்தாலோ
அத்தனை காலையும் நடக்காதவை.
மூன்றாவது பொத்தான் இல்லை.
பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன்.

பிறகு, ஒரு தேநீருக்குப் பிறகு,
அவன் பதவியை மாற்றினேன்.
நிர்வாகியிலிருந்து வாசகன்.
இனி எதையும் திருத்த முடியாது, படிக்கலாம்.
கடிதத்துக்குப் பதில் எழுதினேன்:
கணக்கு பயன்பாட்டில் உள்ளது.

இன்று தென்கிழக்குக் காற்று.
ஹானுஸ் இருமவில்லை, திட்டினான்;
அதற்கு அகராதியில் இடமில்லை.
'இல்லை' என்று அடித்தேன்.
விரல் நிற்காமல் கூடவே
'சுவரின் மேல் வரை நுரை' என்றும் சேர்த்தேன்.
வெளியிடு.

ஐந்து நாற்பத்தாறு.
இன்னும் பூஜ்யம்தான்.
ஹீட்டர் மறுபடி நின்றுவிட்டது,
எழுந்து போய் உதைக்க வேண்டும்.
போகவில்லை.