அளவுச் சீட்டு

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி முள் எண்பத்தாறில் நின்றது.
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்.
எண்பத்தைந்தே முக்கால்.

டாக்டரம்மா நல்லவர்தான்.
தலை நிமிராமல் எழுதித் தந்தார்:
காலையில் ஓர் ஆப்பிள்,
மதியம் காய்கறி இரண்டு கப்,
இரவு எட்டுக்குள் சிறுதானியம்,
அப்புறம் நாற்பது நிமிஷம் நடக்கோணும்.

எட்டு மணிக்கு நான் சிங்கர் மிஷின் மேலே
குனிஞ்சிருப்பேனுங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த டோக்கன்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து
பெருமாநல்லூர் ரோட்டில் வேன் இறக்கிவிடும்போது
ஒன்பதே கால்.
உழவர் சந்தை காலையோடு சரி.
திறந்திருப்பது சென்னியப்பன் தள்ளுவண்டி,
கல் முழுக்கச் செக்கச்செவேலென்று கொதிக்கும் காளான்.
பேருக்குத்தான் காளான்.
முட்டைக்கோசும் மைதாவும்தான் அத்தனையும்,
குலுக்கலில் பரிசு விழுந்த மாதிரி
எப்போதாவது பல்லில் படும் ஒரு நிஜக் காளான்.
தட்டு முப்பத்தைந்து.
டயட் சீட்டைக் காட்டிய நாளிலிருந்து
மல்லித்தழையை ஒரு பிடி கூடுதலாகத் தூவுகிறான்.
"பச்சையும் சாப்பிடோணுமல்லங்கக்கா."

கணக்குப் போடாமல் இல்லை.
ஆப்பிள் கிலோ இருநூற்று நாற்பது,
நாலு பேருக்கு எத்தனை நாள் வரும்?
மாட்டுக்கும் கோழிக்கும் போட்ட கம்பு
அவிநாசி ரோட்டுக் கண்ணாடிக் கடையில்
ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறது,
அரைக்கிலோ தொண்ணூறு.
கையில் எடுத்துப் பார்த்தேன்.
கடைப்பையன் என்னைப் பார்த்தான்.
வைத்துவிட்டு வந்தேன்.

பிரகதிக்குப் பதினொரு வயசு.
ஜூனில் தைத்த யூனிபார்ம் கார்த்திகைக்குள் பிடிக்கிறது.
பொட்டலம் பிரிக்கும் சத்தத்துக்கே
கணக்கு நோட்டை மூடிவிட்டு ஓடி வருவாள்.
"எனக்கு மொறுமொறுன்னு இருக்கறதும்மா."
பகலெல்லாம் என்னைப் பார்க்காத பிள்ளை.
வேண்டாம் என்று எந்த வாயால் சொல்ல?

கம்பெனியில் என் வேலை லேபிள் வைப்பது.
கழுத்துப்பட்டிக்குள் மடித்து ஒரு ஓட்டு,
அடுத்தது, அடுத்தது.
இந்த மாதம் ஜெர்மனி ஆர்டர்.
எஸ், எம் கட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்,
டபுள் எக்ஸெல் வந்துகொண்டே இருக்கும்.

அங்கே யாரோ ஒருத்தி
என் தையல் பிடரியில் உரச
கடைசி பஸ்ஸிலிருந்து இறங்குவாளாயிருக்கும்.
அவள் ஊரில் ஒன்பதே காலுக்கு
எது திறந்திருக்குமோ.

எண்ணெய்ப் பொட்டு விழுந்து ரிஜெக்ட் ஆன ஒன்று
என்னிடமும் இருக்கிறது, வீட்டுக்குப் போட.
லேபிளைப் பிரித்தபிறகுதான் போட்டேன்.
என் தையல்தான்,
லேசில் வரவில்லை.

மறுபடி எடை பார்க்க வரச் சொல்லியிருப்பது
வருகிற சனிக்கிழமை.
சம்பள நாள்.
அன்றைக்குச் சென்னியப்பன் கேட்காமலே
முட்டை ஒன்று உடைத்து ஊற்றுவான்.