மூன்றாம் எண் கூண்டு

காசிமேட்டில் ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லை.
என்னுடையது மட்டும் நீலம், மீன் வாசமில்லாதது.
முதல் நாள் ஏலக்காரர் ஒருவர் மூடியைத் தூக்கிப் பார்த்து
“இன்னாமா, ரத்தமா? கிலோ இன்னா வெல?” என்றார்.
சிரித்தோம். அன்றைக்குப் பதினெட்டுக் குழாய்.

பத்தொன்பதாவது அலங்காரம்.
இறால் உரித்து உரித்து
விரல்நுனி வெளுத்து ஊறிப்போன கை.
நரம்பு சட்டென்று கிடைத்தது.
குடும்பத்தில் யாருக்காவது இதய நோய்?
“அண்ணன் கோதண்டம். முப்பத்தோரு வயசு.
வல இழுத்துக்கினு இருக்கும்போதே சாஞ்சிட்டான்.
குடிச்சிருந்தான்னு எழுதிக்கினாங்க.
அவன் டீகூட குடிக்க மாட்டான்.”
ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது படிவத்தில்.

நான்கு மாதம் கழித்துத் தாள் வந்தது.
முந்நூறு கோடி எழுத்தில்
ஒரே ஓர் இடத்தில் இருபத்தைந்து எழுத்து இல்லை.
இதே இடத்தில் இதே இருபத்தைந்து
இந்த நாட்டில் நூற்றில் நாலு பேருக்கு இல்லையாம்.
பலர் அது இல்லாமலே பேரன் பேத்தி பார்த்துவிடுகிறார்கள்.
சிலருக்கு இதயம் நடுவயதில் தளர்கிறது.
‘வாய்ப்பு அதிகம்’ என்று சொல், ‘வரும்’ என்று சொல்லாதே:
இதற்கு எனக்கு ஆறு நாள் பயிற்சி.

“எனக்கு மொத்த எழுத்தே தெரியாது.
இதுல இருபத்தஞ்சு கம்மின்னா இன்னா இப்போ?”
தலை தனியாக, ஓடு தனியாக
விழுந்துகொண்டே இருந்தன இறால்கள்.
பிறகு கை நின்றது.
“பையனுக்கும் கீதா?”

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி.

யுகேந்திரன், பதினாறு வயது.
ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடியில் குத்துச்சண்டை.
பொங்கல் கழித்து மாவட்டத் தேர்வு.
பதினெட்டு ஆகாததால் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும்.
படிவம் என் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

தாளின் மறுபக்கம் ஒரு மதிப்பெண்ணும் உண்டு.
ஏதோ குளிர்தேசத்தில் லட்சம் பேரை அளந்து
செய்த அளவுகோல்.
எண்ணூர்ச் சாம்பலுக்கு அதில் இடமில்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
ஏலத்துக்கு ஓடுவதற்கும் இல்லை.
மேலதிகாரியிடம் கேட்டேன்.
‘அடுத்த கட்ட ஆய்வில்’ என்றார்.
பெட்டியில் போன முதல் குழாய் என்னுடையது,
ஊசி பழக எடுத்தது.
அந்த உறையை இன்னும் நான் பிரிக்கவில்லை.

துறைமுகத்தில் அன்று மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
போட்டெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன.
“கூண்டு ஏறினா பொயல் வந்தே தீருமா?
பாதி வாட்டி நெல்லூர் பக்கம் போய்டும்.
ஆனா ஏறினப்புறம் எவன் கயித்த அவுப்பான் சொல்லு?
கடலுக்குப் போவாத நாளுக்கும் வட்டி ஓடும்.
இவனுக்கும் எழுதிக் குடுத்துட்டீன்னா
மூஞ்சப் பாக்கும்போதெல்லாம் எனக்கு
கூண்டுதான் தெரியும்.”

நான் பயிற்சியில் படித்ததைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அவளே கேட்டாள்.
“ஸ்டான்லில எக்கோ எடுக்கிறாங்களே,
அது இன்னிக்கி எப்டி கீதுன்னு சொல்லுமா?”
“சொல்லும்.”
“நாளைக்கி?”
“சொல்லாது.”
“அது போதும். வருசா வருசம் கூட்டினு போறேன்.”
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.
“உனக்கு எடுத்தியா நீ?”
மழை வருகிறது என்றேன்.

புதன்கிழமை, டோக்கன் நாற்பத்தேழு.
வரிசையில் நிற்கப் பொறுக்காமல்
சுவரில் விழுந்த தன் நிழலைக் குத்திக்கொண்டிருந்தான்
யுகேந்திரன். இடது, இடது, வலது.
செவிலி ஒருத்தி அதட்டினாள்.
உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வந்தான்,
சட்டை பித்தான் ஒன்று மாறி.
“ஜில்லுனு இன்னாமோ தடவுனாங்கம்மா.
டிவில என்னுது ஓடுது பாத்தேன்,
மீன் வாய் மாதிரி தொறந்து தொறந்து மூடுது.”
அவள் சட்டையை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.
ரிப்போர்ட் மூன்று மணிக்கு மேல் என்றார்கள்.
கேண்டீனில் வடை சூடாக இருந்தது.