பத்து நாள்

பீப்பிள்ஸ் பார்க் சென்டர், நான்காம் மாடி.
நான் இன்னும் உள்ளே இருப்பதைக் கவனிக்காமல்
ஹஸ்லிண்டா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.
மேசைவிளக்கின் கீழே ஆறிப்போன கோப்பி ஓ,
பக்கத்தில் ஆரோக்கியதாஸின் கோப்பு.

பதினான்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து.
நாட்காட்டியில் தட்டியதும் நான்தான்:
இருபத்து நான்கு.
மூன்று வருடக் கெடு
ஒரு வியாழக்கிழமை நள்ளிரவில்
சத்தமில்லாமல் முடிந்துபோனது.
அன்று இரவு ஜாலான் புசாரில்
மீன்தலைக் கறி சாப்பிட்டேன்.
நல்ல கறி.

துவாஸில் சாரம் சரிந்து இடுப்பு நொறுங்கியவன் அவன்.
வழக்கைப் பதிய வேண்டியவள் நான்.

காப்புறுதி நிறுவனம் மரியாதையாக எழுதியிருக்கிறது:
எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.
'தவறு' என்ற சொல்லைத் தவிர்க்கவும்.
தொழில் விதிகளோ உடனே சொல் என்கின்றன,
வேறொரு வழக்கறிஞரைப் பார் என்பதையும்
நீயே அவனிடம் சொல்.
இரண்டையும் அச்செடுத்தேன்.
ஒரே இயந்திரம், ஒரே மை.

ஆனால் வீட்டுக்குப் போக விடாமல்
என்னைப் பிடித்துவைத்திருப்பது
கோப்பின் அடியில் கிடக்கும் மஞ்சள் தாள்,
முதல் சந்திப்பில் எடுத்த குறிப்பு.
கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தினேன்.
"பெல்ட்ட நானேதான் கழட்டுனேன் மேடம்.
வெக்க தாங்கல. மேஸ்திரி பாக்கல.
இத யாருகிட்டயும் சொல்லணுமா?"
இந்த அறையை விட்டுப் போகாது என்றேன்.
இது உங்கள் பூட்டு, சாவியும் உங்களிடம்தான்,
நீதிபதியே கேட்டாலும் நான் வாய் திறக்க முடியாது என்று
கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன்.
அவன் முகம் தளர்ந்தது.
பிறகுதான் தண்ணீர் குடித்தான்.

விதிவிலக்கை நான் சொல்லவில்லை.
யார் சொல்வார்கள், முதல் நாளில்?
என்மேலேயே அவன் வழக்குப் போட்டால்
அந்தப் பூட்டு தானாகக் கழன்றுகொள்ளும்.
என் தரப்பு வழக்கறிஞர் மஞ்சள் தாளை எடுத்து வைப்பார்:
பெல்ட்டைக் கழற்றியவர், கனம் நீதிபதி அவர்களே,
எப்படியும் பாதிதான் வென்றிருப்பார்,
ஆகவே அவர் இழந்ததும் பாதிதான்.
சட்டப்படி சரி. கணக்கும் சரி.
அவருக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில்,
நான் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பேன்.

கிழித்துவிடலாம் என்று ஒரு கணம் கை போனது.
அவனுக்காகவா எனக்காகவா என்று
கைக்கே தெரியவில்லை.
தாளைத் திரும்ப வைத்தேன், இருந்த இடத்திலேயே.

ஒன்பதரைக்கு அவன் எண்ணை அழுத்தினேன்.
பின்னணியில் தங்குவிடுதி: தட்டுகள் கழுவும் சத்தம்,
யாரோ யாரையோ வங்காளத்தில் திட்டுகிறார்கள்.
"மேடம்! தேதி கெடச்சிருச்சா?"

தேதியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றேன்.
அப்புறம், அன்றைக்கு நான் சொன்ன பூட்டைப் பற்றியும்.
உட்கார்ந்திருக்கிறீர்களா?

"உக்காந்தா வலிக்குமே மேடம்.
நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க."