நான்கு ஆண்டு, மூன்று மாதம்

காலையில் டிராம் ரைன் பாலத்தின் நடுவைத் தாண்டும்போது
கைப்பேசி ஒருமுறை அதிரும்.
பிரான்சுக்கு நல்வரவாம்.
ஏழு வருடமாக வரவேற்கிறார்கள்,
அலுக்கவே இல்லை அவர்களுக்கு.

கேல் நகரில் வாடகை குறைவு. ஸ்ட்ராஸ்பூரில் என் மேசை.
மேசைக்கு முன்னால் ஒரே நாற்காலி,
அதில் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள்,
ஒரு நாட்டில் உறங்கி மறு நாட்டில் சம்பளம் வாங்குகிறவர்கள்,
இரண்டு கரையிலும் ‘அந்தப் பக்கம் போய்க் கேள்’ என்று
அனுப்பப்பட்டவர்கள்.
நேற்று ஒரு பெண். பிள்ளைக்கு வரவேண்டிய படி
பதினோரு மாதமாக எந்தக் கரையிலும் இல்லை,
ஆற்றில் விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.
சிரித்தோம். அப்புறம் தொலைபேசியில் ஐம்பது நிமிடம்
காத்திருப்பு இசை கேட்டோம், இருவரும்.

இன்று அடெலினோ ஃப்ராகோசோ. கொத்தனார். அறுபத்து மூன்று.
விரல் நுனிகளில் ரேகையைச் சிமெண்ட் தின்றுவிட்டது,
அடையாள அட்டை எடுக்கப்போனால்
இயந்திரம் இவரை நம்புவதில்லையாம்.
போர்ச்சுகலில் ஒன்பது ஆண்டு.
பிரான்சில் முப்பத்து மூன்று.
நடுவே வெறும் தாள்.

‘இங்கே என்ன?’
‘ஒன்றுமில்லை.’
‘ஒன்றுமில்லாமல் நாலு வருடமா?’
‘ஓஃபன்பூர்க். ஓடு போடும் வேலை. நாலு வருடம், மூன்று மாதம்.
ஐந்து முடிக்காதவனுக்கு அங்கே ஓய்வூதியம் கிடையாது என்றார்கள்.’

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.
இந்த உத்தியோகத்தில் எனக்கிருக்கும் ஒரே போதை இது.
யார் சொன்னது? கூட்டுவார்கள், ஐயா.
அங்கே ஒன்பது, இங்கே முப்பத்து மூன்று,
எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோர்த்துவிட்டுத்தான்
ஐந்து ஆயிற்றா என்று பார்ப்பார்கள்.
ஆயிற்றென்றால் ஜெர்மனி தன் பங்கைத் தந்தே தீரவேண்டும்.
பிச்சை இல்லை, நீங்கள் கட்டிய பணம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்போம் எங்கள் மொழியில்.
அதை எப்படியோ பிரெஞ்சில் சொல்லிவைத்தேன்.
‘எந்த ஆறு?’ என்றார்.

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.
படிவத்தில் ஒரு வரி:
அக்காலத்தில் வசித்த முகவரி.
அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்,
ஈ விழாமல் பால் கிண்ணத்தை மூடுவதுபோல.
‘அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள்.
ஒரு வெள்ளிக்கிழமை, கூலியை வாங்கிக்கொண்டு
பாலம் தாண்டிவிட்டேன்.
சொல்லவில்லை.’

உரிமை என்பது கேட்டு வாங்குவது என்று
எத்தனையோ துண்டறிக்கை எழுதியிருக்கிறேன்.
கேட்காமல் இருக்கவும் உரிமை உண்டா என்று
ஒன்றிலும் எழுதியதில்லை.

‘அந்தப் பங்கு அவள் பெயருக்குப் போகுமா?’
‘போகாது. உங்கள் பெயருக்குத்தான் வரும்.
வந்த பிறகு…’
‘எவ்வளவு?’
‘மாதம் நூற்றுச் சொச்சம் இருக்கலாம்.’
‘எனக்காக அவள் கட்டிய வாடகை இதைவிட அதிகம்.’

கை மெல்ல விலகியது.
தெருப்பெயர் உடனே வந்தது. கதவு எண் வரவில்லை.
மூன்றாவது மாடி என்று எழுதினார்.
மாடியைப் படிவம் கேட்கவேயில்லை.

மாலை, அதே டிராம், எதிர்த்திசை.
கதவோரம் அவர்,
நகலை மடிக்காமல், கேக் பெட்டியைப்போல நேராகப் பிடித்தபடி.
என்னைப் பார்க்கவில்லை. பார்த்தும் இருக்கலாம்.
நடுப்பாலத்தில் இரண்டு கைப்பேசியும் சேர்ந்து அதிர்ந்தன.
எடுத்து வாசித்தார், மூன்று சொல்லை,
நீளமான கடிதம்போல.

கேல் நிலையத்தில் ஓஃபன்பூர்க் ரயிலுக்கு ஆறு நிமிடம் இருந்தது.
டிக்கெட் இயந்திரத்தின் முன் அவர் நின்றிருந்தார்,
போக மட்டுமா, திரும்பி வரவுமா என்று
அது கேட்டுக்கொண்டிருந்தது.
கடை மூடுமுன் பால் வாங்கவேண்டும்.
நான் நடந்தேன்.