சான்றுப் பொருள் மூன்று

உச்சிப்புளி தாண்டியதும் நடத்துநர் திரும்ப எட்டிப் பார்த்தார்.
என் கால்களுக்கு நடுவே மூடி போட்ட வாளி.
பேட்டரிக் காற்றுக்குழல் கொரகொரத்தது.
“மீனா?”
“சான்றுப் பொருள். கோர்ட்டுக்குப் போகுது.”

மொத்தம் மூன்று இருந்தன.
ஒன்று படகு. மண்டபம் கரையில் கிடந்து மட்கி
பலகை பலகையாக யார் வீட்டு அடுப்புக்கோ போய்விட்டது.
இரண்டு வலைப்பை. எலி தின்றதென்று நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.
மூன்று, ஒரு சாண் கடல் அட்டை.
உயிரோடிருக்கிறது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன், வேதாளைக்கு அப்பால்,
நம்புச்செல்வத்தின் படகில் நாற்பத்திரண்டு அட்டைகள் பிடிபட்டன.
நாற்பத்தொன்றைக் கடலில் விடச் சொன்ன நீதிபதி
ஒன்றை மட்டும் எங்கள் ஆய்வகத் தொட்டியில்
மறு உத்தரவு வரும்வரை வைக்கச் சொன்னார்.
அவர் ஓய்வுபெற்று, போன ஆவணியில் இறந்தும்விட்டார்.
உத்தரவு வரவில்லை.

டாக்டர் சுல்தானாவின் ஆராய்ச்சி முதுமை.
செல்கள் ஏன் ஒருநாள் பிரிவதை நிறுத்துகின்றன,
நிறுத்தியும் ஏன் சாகாமல்
பக்கத்துச் செல்களையும் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.
கண்ணாடித் தட்டில் அந்தக் கிழடுகளுக்கு
பண்ணை அட்டையின் சாற்றைச் சொட்டிவிட்டுக் காத்திருப்பார்.
பதினோராம் நாள் சில விழித்துக்கொண்ட மாதிரி தெரிந்தது.
பன்னிரண்டாம் நாள் கரண்ட் போனது.

மூன்றாம் எண்ணைத் தொட அனுமதி கிடையாது. பார்க்கலாம்.
ஒரு சித்திரை வெக்கையில் அது
தன் குடலையே பின்வழியாகத் தள்ளிவிட்டு
காலிப் பையாகக் கிடந்தது.
செத்தது என்று அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
டாக்டர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.
சில வாரங்களில் புதுக் குடல்.
அப்புறம் இன்னும் இரண்டு தரம்.
இரை குறைந்தால் சுருங்கும், கூடினால் நீளும்,
நீளத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.
பதிவேட்டில் வயது என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில், வருஷத்துக்கு ஒன்றாக, கேள்விக்குறி.

மூழ்கி மூழ்கி நம்புச்செல்வத்துக்கு இடது காது போய்விட்டது.
டவாலி மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது.
முதல் வாய்தாவுக்கு வந்தபோது
அவர் சட்டைப்பையில் சீப்பு நீட்டிக்கொண்டிருந்தது,
இப்போது சுகர் மாத்திரை அட்டை.
வாளிக்குள் குனிந்து பார்த்தார்.
“அப்படியே இருக்கான்.”

“சாட்சியின் வயது?”
நாற்பத்து நான்கு என்றேன்.
முந்தின வாக்குமூலத்தில் முப்பத்தொன்று.
ராத்திரி பூசிய சாயம் காதோரம் அரித்தது.

அவருடைய வக்கீல் சின்னப் பையன்,
வழக்குப் பதிவானபோது ஆறாம் வகுப்பு இருந்திருப்பான்.
“மூன்று தரம் குடல் மாறியிருக்கிறது.
கைப்பற்றிய அதே பிராணிதான் இது என்று
உறுதியாகச் சொல்வீர்களா?”

நான் வாய் திறக்குமுன்
நம்புச்செல்வம் எழுந்துவிட்டார்.
“இவன்தான்யா! முதுகில என் கொக்கி கிழிச்ச தழும்பு இருக்கும் பாருங்க!”
வக்கீல் கண்ணை மூடிக்கொண்டான்.
நீதிபதி எட்டிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.
தழும்பு இல்லை.
அது ஆறி மறைந்து எட்டொன்பது வருஷமாகிறது.
அதே கொக்கி அன்றைக்கு அவர் உள்ளங்கையிலும் பாய்ந்திருந்தது.
அந்தக் கையை அவர் விரித்தபடியே நின்றார்,
மணிக்கட்டுவரை வெள்ளையாக ஓடுகிற கோட்டோடு.
வாய்தா. ஐப்பசிக்கு.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கேன் கடல்தண்ணி கொடுத்தார்.
“மாத்திவிடுங்க, வெயில் ஏறுது.”
தண்ணி மாற்றும்போது கேட்டார்:
“அந்தம்மா கண்டுபிடிக்கிற மருந்தில காது முளைக்குமா?”
“தட்டுலதான்ணே பாத்திருக்கோம்.”
நான் சொன்னது வலப்பக்கமா இடப்பக்கமா விழுந்தது, தெரியவில்லை.
“சரி, கேஸ் முடியிறதுக்குள்ள வந்தாப் போதும்.”

திரும்பும் வண்டியில் வேறொரு நடத்துநர்.
வாளியைக் காட்டி, “அரை டிக்கெட்டா, முழுசா?” என்று சிரித்தார்.
வயசு தெரியாது என்றேன்.
லக்கேஜ் என்று கிழித்துக் கொடுத்தார்.