பெரிய வியாழன், ஒமாஹா

பாதம் கழுவப் பன்னிரண்டு நாற்காலி.
பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான்:
வியட்நாமுக்கு ஒருவர், குவாத்தமாலாவுக்கு ஒருவர்,
லக்கோட்டாப் பெண் ஒருத்தி,
சக்கர நாற்காலியில் வரும் தாடியஸ்.
சிற்றாலயத்துக்கு மூன்று படி உண்டென்பது
யாருக்கும் நினைவில்லை.
நான்கு பேர் தூக்கி வந்தார்கள்,
அவன் கூரையையே பார்த்தபடி வந்தான்.

"நிறம் கலந்து விழவேண்டும், மாறி உட்காருங்கள்"
என்றார் புகைப்படக்காரர்.
மாறினார்கள்.

பன்னிரண்டாவது, நியாந்தெங்.
இறைச்சி ஆலையில் வேலை முடித்து
அப்படியே வந்தவள்.
பூட்ஸுக்குள் ஊறி வெளிறியிருந்தது உள்ளங்கால்,
குதியில் ஒரு பிளாஸ்திரி.
இதைப் பிய்க்கட்டுமா என்று என்னிடம் கேட்டாள்.
பட்டியலில் அதற்குக் கட்டமில்லை.

பல்கலைத் தலைவர் ஃபாதர் கெய்ரன் குனிந்தார்;
முழங்கால் சொடுக்கியது.
தண்ணீர் பட்டதும் காலை இழுத்துக்கொண்டாள்.
"சுடுகிறதா?"
"இல்லை ஃபாதர், ஜில்லென்றிருக்கிறது.
பதினோரு பேருக்குப் பிறகு அப்படித்தான்."

யாரோ சிரித்தார்கள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

அவரே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு
அங்கி தடுக்கப் பின்னறைக்கு நடந்தார்.
பழைய கட்டடம், குழாய் சூடாக நேரமாகும்.
பாட்டு தீர்ந்துபோய்
பாடகர் குழு மறுபடி முதலடிக்குத் திரும்பியது.
நியாந்தெங் கடிகாரத்தைப் பார்த்தாள்.
எட்டரைக்குக் கடைசிப் பேருந்து.

ஆவி பறக்க அவர் வந்தபோது
ஒரு பூட்ஸை மாட்டியிருந்தாள்.
மற்றக் காலின் முன்
ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார்.

கேமராவை அதற்குள் உறையில் போட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டுக் கோப்பின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்தேன்:
படிக்குச் சாய்தளம்.
இன்னொரு கெண்டி வெந்நீர்.
பூசை அரைமணி முன்னதாக,
பேருந்து காத்திருக்காது.